சுவிஸ் டிராவல் பாஸ்: பெயர்பெற்ற ரயிலைவிடச் சாதாரண ரயில் நல்லது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் 6 முதல் 15 வயதுக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள், சுவிட்சர்லாந்தில் நாலு இடம் சுற்றிப் பார்க்கும் எண்ணமும் இருக்கிறது என்றால் ரயில், பேருந்து, ஏரிக் கப்பல் எல்லாவற்றிலும் ஒரே சீட்டில் போக உதவும் சுவிஸ் டிராவல் பாஸை வாங்கிக்கொண்டு போங்கள். போட்ட பணம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் பாஸ் கையில் இருக்கிறதே என்று விளம்பரத்தில் வரும் கண்ணாடிக்கூரை ரயில்களையே துரத்தாதீர்கள். அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதில் இருக்கைக்கென்று தனியாகக் காசு கட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசப்படும் பயணங்கள் எல்லாம் அந்தச் சாதாரண ரயில்களில் போனவைதான்.

போனது ஐந்து பேர். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி வந்ததிலிருந்து தைப்பூசத்துக்குக்கூட எங்கள் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுவதில்லை, அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுக்கொள்கிறார். சுத்த சைவம் வேறு. இந்த இரண்டையும் வைத்துத்தான் முழுத் திட்டத்தையும் போட்டேன். பினாங்கில் ஒரு பயண முகவரிடம் கேட்டபோது அவர் நீட்டிய திட்டத்தில் தினம் ஒரு ஊர், தினம் ஒரு ஹோட்டல், விடிந்தால் பேருந்து. அம்மாவால் அது முடியாது. பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே பாதி விடுமுறை போய்விடும். அதனால் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் அங்கே சுற்றுலாவுக்கு விசா வேண்டாம் என்பது பெரிய நிம்மதி.

பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கிறது. நாள்கள் தொடர்ச்சியாக ஓடும். விட்டுவிட்டுப் பயன்படுத்த ஃபிளெக்ஸ் என்று இன்னொரு வகை உண்டு, விலை கூடுதல். நாங்கள் வாங்கியபோது இரண்டாம் வகுப்பு 8 நாள் பாஸ் பெரியவர் ஒருவருக்கு 419 பிராங்க். மூன்று பெரியவர்களுக்கு 1,257 பிராங்க், நம் பணத்தில் ஏறக்குறைய 6,300 ரிங்கிட். தொகையைப் பார்த்ததும் கணவர் சற்று நேரம் பேசவில்லை. ஆனால் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு சென் கிடையாது. பாஸ் வாங்கும்போதே சுவிஸ் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோரில் ஒருவர் கூடவே இருந்தால்தான் அந்த அட்டை செல்லும் என்பதைக் கவனியுங்கள். பாட்டியும் பேரனும் மட்டும் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று பிரிந்து போக முடியாது. நாங்கள் பிரிந்த நாளில் பிள்ளைகளோடு எப்போதும் கணவரோ நானோ இருந்தோம்.

இன்னொரு வழி பாதிக் கட்டண அட்டை. அப்போது 120 பிராங்க். ஒரு மாதம் செல்லும், டிக்கெட்டுகள் பெரும்பாலும் பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று மலைகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அதுதான் சிக்கனம். எங்கள் திட்டத்தை இரண்டு விதத்திலும் எழுதிப் பார்த்தேன். நீண்ட பயணங்கள், ஏரிக் கப்பல், ஊருக்குள் ஓடும் பேருந்து, டிராம் எல்லாவற்றையும் சேர்த்தபோது பாஸ் முந்தியது. அதோடு அந்தக் கணக்கில் வராத சுகம் ஒன்று உண்டு. ரயில் நிற்கிறதா, ஏறு. இந்த ஏரி அழகாக இருக்கிறதா, இறங்கு. ஒவ்வொரு தடவையும் ஐந்து டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மனக்கணக்குப் போடாமல் இருப்பதே எனக்கு விடுமுறையாக இருந்தது.

தங்க இரண்டே ஊர்கள். முதல் பாதி இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் வில்டர்ஸ்வீல், இரண்டாம் பாதி கிழக்கே கூர். இரண்டிலும் சமையலறை உள்ள வீடு, நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அம்மா பினாங்கிலிருந்தே அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் என்று ஒரு பெட்டியை நிரப்பிவிட்டார். காலையில் புளியோதரை கிளறி டப்பாக்களில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டோம். அங்கே உணவகத்தில் ஐந்து பேர் சாப்பிட்டால் ஆகும் தொகைக்கு இங்கே ஒரு வாரம் சாப்பிடலாம், அதனால் சமையலறை உள்ள வீடு என்பது எனக்குக் கட்டாயம். தயிர், ரொட்டி, பழமெல்லாம் கோ-ஆப், மிக்ரோஸ் கடைகளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய நிலையங்களில் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே பாலை வாங்கி வைத்துவிடுங்கள்.

வில்டர்ஸ்வீலிலிருந்து போனதில் லூசர்ன், ரிகி நாள்தான் பாஸுக்கு முழு மதிப்பு தந்தது. இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ஏறி, புரூனிக் கணவாய் வழியாக லூசர்ன் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். லுங்கெர்ன் ஏரி கீழே பச்சையும் நீலமுமாக வரும் இடத்தில் ரயிலில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். லூசர்ன் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. அங்கிருந்து ஃபிட்ஸ்னாவ் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கப்பல். பினாங்குப் பாலம் வந்த பிறகு பட்டர்வொர்த் பெர்ரியில் ஏறவே மறந்துபோன என் கணவர், மேல்தளத்தை விட்டு இறங்கவில்லை. ஃபிட்ஸ்னாவிலிருந்து ரிகிக்குப் பல்சக்கர ரயில். கப்பல், மலை ரயில் எல்லாமே பாஸுக்குள் அடக்கம், 1,798 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிகி குல்ம் வரை தனிக் கட்டணம் இல்லை.

பினாங்குப் பிள்ளைகளுக்கு மலை ரயில் புதிதல்ல. எங்கள் கொடிமலை ரயில் 1923-இல் வந்தது. 2011-இல் புதுப்பித்தபோது அந்த வேலையைச் செய்ததும் ஒரு சுவிஸ் நிறுவனம்தான். அதைச் சொன்னதும் என் மகன் ஃபிட்ஸ்னாவில் தண்டவாளத்தருகே குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான். கொடிமலையில் வண்டியைக் கம்பிவடம் இழுக்கிறது. இங்கே வடம் இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஏணி மாதிரி பல் வைத்த இன்னொன்று ஓடுகிறது, வண்டியின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 1871-இல் திறந்த இந்தப் பாதைதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். பயணம் முழுக்க அவன் கேட்ட கேள்விகளுக்கு இதுதான் தொடக்கம்: ‘இந்த ரயிலுக்குப் பல் இருக்கா, இல்லையா?’

யுங்ஃபிராவ்யோக் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். 3,454 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 1912-இல் திறந்தது. பாஸ் கிரிண்டல்வால்ட் வரையோ வெங்கன் வரையோதான் முழுதாகச் செல்லும், அதற்கு மேலே கால் பங்கு மட்டுமே தள்ளுபடி. பாஸ் இருந்தும் எங்கள் பயணத்தில் அதிகம் செலவானது இந்த ஒரு மலைக்குத்தான். போகலாமா? வானம் தெளிந்த காலையாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் வேண்டாம். உச்சியில் இருக்கும் கேமராவின் நேரடிப் படத்தை இணையத்திலும், நிலையங்களின் திரையிலும் பார்க்கலாம். வெள்ளையாக மேகம் மட்டும் தெரிந்தால் அன்றைக்கு வேறு இடம் போங்கள். மலை நாளுக்குத் தேதி குறித்து மாதக்கணக்கில் முன்கூட்டியே டிக்கெட் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாங்கள் தங்கியிருந்த நாள்களுக்குள் அதை நகர்த்தி நகர்த்தி, நல்ல காலை வந்ததும் போனோம்.

போனது கணவரும் பிள்ளைகளும் மட்டும். அம்மாவை அந்த உயரத்துக்குக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கிரிண்டல்வால்ட் டெர்மினலில் இறங்கி, 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் கால் மணி நேரத்தில் ஐகர்கிளெட்ஷர் போய், அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கப் பாதையில் ரயில். மேலே அலெட்ஷ் பனியாற்றைப் பார்த்துவிட்டு வந்த மகள், ‘அம்மா, அது அசையாத ஆறு’ என்றாள். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பனி. மகனுக்கு மேலே கொஞ்சம் தலை சுற்றியிருக்கிறது. மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்ததும் சரியாகிவிட்டது. பிள்ளைகளை அங்கே ஓடவிடாதீர்கள்.

அதே நாளில் நானும் அம்மாவும் மியூரன் போனோம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். லாட்டர்புருன்னென் நிலையத்துக்கு எதிரிலிருந்து கேபிள் காரில் சில நிமிடங்களில் குரூட்ஷால்ப், அங்கேயே நிற்கும் சின்ன ரயிலில் ஏறினால் மலையின் விளிம்போடு போய் மியூரன். முழுவதும் பாஸிலேயே அடங்கிவிடுகிறது. 1,638 மீட்டர்தான், மூச்சு வாங்காது. கார் ஓடாத ஊர், தெருவில் நிதானமாக நடக்கலாம். எதிரே ஐகர், முன்ஹ், யுங்ஃபிராவ் சிகரங்கள் மூன்றும் வரிசையாக நிற்கும். மற்ற மூவரும் பெரும் பணம் கொடுத்து ஏறிய மலையை அம்மா ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே முழுதாகப் பார்த்தார். பனிமலையின் மேல்தான் நிற்க வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்களுக்கு மியூரன் தாராளமாகப் போதும்.

லாட்டர்புருன்னென் பள்ளத்தாக்கிலேயே டிரும்மெல்பாக் அருவியும் இருக்கிறது. ஐகர், முன்ஹ், யுங்ஃபிராவ் பனியாறுகள் உருகி வரும் தண்ணீர் மலைக்கு உள்ளேயே இடித்துக்கொண்டு இறங்குகிறது. பேருந்துக்குப் பாஸ் போதும், நுழைவுக்குத் தனிக் கட்டணம். உள்ளே படிகள் ஈரம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது.

ஊர் மாறும் நாளை நான் வீணாக்க விரும்பவில்லை. வில்டர்ஸ்வீலிலிருந்து கூருக்குப் போகும் வழியில் பெர்னில் இறங்கி, பெட்டிகளை நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு ஒரு பகலை அங்கே கழித்தோம். பழைய நகரம், மணிக்கூண்டு எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அம்மாவுக்காக நான் வைத்திருந்தது ஐரோப்பா பிளாட்ஸில் இருக்கும் சமயங்களின் இல்லம். 2014-இல் திறந்த கட்டடம், ஒரே கூரையின் கீழ் பல மதத்தவரின் வழிபாட்டு இடங்கள். அதில் ஈழத் தமிழர்கள் நடத்தும் சிவன் கோயிலும் உண்டு. உள்ளே நுழைந்ததும் கற்பூர வாசனை. திருநீறு கொடுத்தவர் ‘எவ்விடத்திலிருந்து வாறீங்கள்?’ என்று கேட்க, அம்மா ‘மலேசியா, பினாங்கு’ என்றார். அதன் பிறகு இருவரும் பேசிய பேச்சில் நான் ரயில் நேரத்தை இரண்டு முறை மாற்றிக்கொண்டேன். எண்பதுகளில் அடைக்கலம் தேடி வந்தவர்கள் உணவகங்களின் சமையல்கட்டுகளில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்து, கோயிலையும் கட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்துக்குப் போகும் மலேசியத் தமிழர்கள் பனியைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்ப வேண்டாம் என்று நான் மனதாரச் சொல்கிறேன். சூரிக்குக்கு அருகில் அட்லிஸ்வீலிலும் ஒரு முருகன் கோயில் இருக்கிறது, சூரிக்கிலிருந்து எஸ்-4 ரயிலில் போகலாம்.

ரயில் நேரத்தை அப்படி மாற்ற முடிந்ததற்குக் காரணம் அவர்களின் கால அட்டவணை. 1982-லிருந்து மணிக்கு ஒரு ரயில், அதே நிமிடத்தில், என்ற முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். பெரிய தடங்களில் அரை மணிக்கு ஒன்று. இன்டர்லாக்கனிலிருந்து பெர்ன் ஒரு மணி நேரத்துக்குள், பெர்னிலிருந்து சூரிக் ஒரு மணி நேரத்துக்குள், சூரிக்கிலிருந்து கூர் ஒன்றேகால் மணி. ஒன்றை விட்டால் அடுத்தது. சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலி ஐந்து நிமிடத்தில் ரயில் மாறச் சொல்லும். அங்கே உள்ளவர்களுக்கு அது போதும், அம்மாவோடு போகும்போது போதாது. நான் எப்போதும் அதற்கடுத்த ரயிலைத்தான் திட்டத்தில் எழுதினேன். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பகுதிகள் பிரித்திருப்பார்கள், இரண்டாம் வகுப்புப் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று பலகையில் தெரியும். வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும் ரயில்களும் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏறுங்கள். இரண்டடுக்கு ரயில்கள் சிலவற்றில் பிள்ளைகளுக்கென்று சறுக்குமரத்தோடு ஒரு பெட்டி இருக்கிறது, மேல்தளத்தில். சூரிக் வரை மகனைக் கண்ணால் பார்க்கவில்லை.

இப்போது கிழக்கே உள்ள அல்புலா, பெர்னினா மலை ரயில் பாதைகள். பனியாற்று எக்ஸ்பிரஸ் என்ற கிளேசியர் எக்ஸ்பிரஸ் செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம் ஓடுகிறது. பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குக் கட்டணமும் உண்டு. பெர்னினா எக்ஸ்பிரஸிலும் அப்படியே. 9 வயதுப் பையனை 8 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார வைப்பது யாருக்கும் சுகமில்லை. நாங்கள் கூரிலிருந்து சாதாரண ரயிலில் ஏறி, நடுவில் மாறி, அல்ப் குரூம் வரை போய்த் திரும்பினோம்.

கூரிலிருந்து போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் லான்ட்வாசர் பாலம் வரும். 65 மீட்டர் உயரம், ஆறு வளைவு, பாலமே வளைந்து சென்று நேரே பாறைக்குள் நுழைகிறது. நம் ரயிலின் தலை சுரங்கத்துக்குள் போவதை நாமே பார்க்கலாம். சாதாரண ரயிலில் சில பெட்டிகளில் ஜன்னல் திறக்கும், கண்ணாடிப் பிரதிபலிப்பு இல்லாமல் படம் எடுக்கலாம். கண்ணாடிக்கூரை வண்டியில் அது நடக்காது. அதைத் தாண்டி பெர்க்யூனிலிருந்து பிரேடா வரை. நேர்தூரம் 5 கிலோமீட்டர்தான், ஆனால் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால் பாதை சுற்றிச் சுற்றி 12 கிலோமீட்டர் ஆகிறது. ஒரே தேவாலயம் ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம், ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே. அம்மா ‘நாம திரும்பிப் போறோமா?’ என்று கேட்டார்.

பொன்ட்ரெசினாவைத் தாண்டியதும் பெர்னினா கணவாய், உச்சி 2,253 மீட்டர். இங்கே பல்சக்கரமே இல்லை, சக்கரமும் தண்டவாளமும் மட்டும். மகன் இதை நம்ப மறுத்தான், இறங்கிப் பார்த்துத்தான் நம்பினான். ஜூன் தொடக்கத்திலும் பியாங்கோ ஏரியில் பனிக்கட்டி மிதந்தது. அல்ப் குரூம் நிலையத்துக்குச் சாலை கிடையாது, ரயிலிலோ நடந்தோதான் போக முடியும். எதிரே பாலூ பனியாறு, கீழே இத்தாலி நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கு. அடுத்த ரயில் வரும் வரை ஒரு மணி நேரம் அங்கே இருந்தோம். இந்தப் பாதை 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எங்கள் ஜார்ஜ்டவுனும் அதே ஆண்டுதான் சேர்ந்தது என்று மகள் தன் பள்ளிப் பாடத்திலிருந்து எடுத்துச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

குறைகளும் உண்டு. மலை ரயில்களுக்குப் பாஸ் தரும் தள்ளுபடி ஒன்றுபோல் இல்லை. ரிகி, ஸ்டூஸ், ஸ்டான்சர்ஹோர்ன் இலவசம். பிலாட்டஸ், டிட்லிஸ், கோர்னர்கிராட் பாதி. யுங்ஃபிராவ்யோக் கால் பங்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். பெரிய நிலையங்களில் கழிவறைக்கும் காசு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரயில் பெட்டிகள் சிலவற்றில் படி உயரம், அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் கை கொடுக்க வேண்டியிருந்தது. விமானத்திலிருந்து இறங்கிய நாளில் பாஸைத் தொடங்காதீர்கள். சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், நகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அந்தச் சின்னப் பயணத்துக்கு ஒரு நாளைச் செலவழிப்பது நியாயமில்லை. ஓர் இரவு சூரிக்கில் தூங்கி, மறுநாள் நீண்ட பயணத்தில் தொடங்குங்கள்.

ஈப்போவில் இருக்கும் அக்கா இப்போது போகத் திட்டம் போடுகிறார். அவர் பிள்ளைகளுக்கு 17, 19 வயது, குடும்ப அட்டை கிடையாது. 25 வயதுக்குள் இருப்பதால் இளையோர் பாஸில் 30 விழுக்காடு குறையும், அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரே ஊரில் தங்கி மலை ஏற ஆசை. அதனால் பாதிக் கட்டண அட்டையையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். லூசர்னில் தங்கி, ரிகிக்கு ஒரு நாள், பிலாட்டஸுக்கு ஒரு நாள், அப்புறம் விடியற்காலையில் கிளம்பி அல்ப் குரூமுக்கு ஒரு நாள்.